சொல்யூஷன் ரூம் ஜன்னல்கள்

தோலைத் தொடாமல் அது இன்ன தோல் என்று சொல்ல முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, இம்ரான் கேட்பதாக இல்லை. அடுகோடியில் நான் வேலை பார்த்த சோபாப் பட்டறையில் கடைசியாகச் சேர்ந்தவர்களில் ஒருவன் அவன். இப்போது நாற்பது வயதாகிறது. சொந்தமாகக் கடை வைத்து கார் சீட்டும் சோபாவும் பழுது பார்க்கிறான். சந்தேகம் வந்தால் போனில் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இது அசலா, ரெக்சினா? அசல்னா எந்த ரகம்?" என்பான். படத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துக் கல்யாணம் முடிக்கலாம், தோலுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று நானும் ஏசுவேன்.

போன வாரம் கூப்பிட்டு, "புதுசா ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கேன்க்கா. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க, சுவத்துல ஒட்டிடறேன்" என்றான். எழுத உட்கார்ந்தேன். ஆரம்பம் அவன் கேட்டபடிதான் வந்தது. பிறகு வேறெங்கோ போய்விட்டது.

ரெக்சினுக்கு முதுகில் துணி இருக்கும். அசல் தோலின் முதுகு பிசிர் பிசிராக நாராய் இருக்கும். சோபாவின் அடியில் ஓரமாக ஒரு ஆணியைப் பிடுங்கி உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். அசல் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது. அதன்மேல் வண்ணப் பூச்சு இருக்கிறதா, இல்லை சாயத்தில் நனைத்ததோடு விட்ட வெறும் தோலா? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். பூச்சு இருந்தால் சொட்டு அப்படியே நிற்கும். வெறும் தோல் அதைக் குடித்துக் கறுக்கும். பூச்சுத் தோலைத் துடைக்கலாம், தேய்க்கலாம், கீறலைப் பட்டி வைத்து நிரவி, மேலே வண்ணம் அடிக்கலாம். வெறும் தோலில் வண்ணம் கரைக்கிற தின்னர் பட்டால் முடிந்தது கதை. சாயமும் எண்ணெயும் கிளம்பி வந்து, தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர்ச் சொட்டும் சில நேரம் பொய் சொல்லும். தலை சாயும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தால், வெறும் தோலிலும் சொட்டு நிற்கும். அப்போது விரல்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பூச்சு இருந்தால் விரலுக்கு ஒரு குளிர்ச்சியும் வழுவழுப்பும் தெரியும். வெறும் தோல், கன்னத்தைத் தொடுவது போலிருக்கும். எங்கள் பட்டறையில் அந்த விரல் தேவராஜுக்கு இருந்தது.

நான் தங்கவயல் பெண். அப்பா அங்கே தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். கல்யாணமாகி நீலசந்திராவுக்கு வந்து, கொஞ்ச காலம் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்து, தொண்ணூற்றொன்றில் இந்தப் பட்டறையில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். தோலுக்கு ஊசி வேறு, பொறுமையும் வேறு. துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கலாம், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். அதைப் பழகுவதற்குள் எவ்வளவு தோல் வீணாயிற்று என்று யாரும் கேட்க வேண்டாம். வாடகை வீட்டுக்காரரிடம் 'சோபா கம்பெனி' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். தோல் வேலை என்றால் வீடு கிடைக்காது.

பட்டறைக்கு இரண்டு அறைகள். முன்னறையில் வெளிச்சத்துக்காகத் திறந்த ஜன்னலோரம் எங்கள் மெஷின்கள். பின்னறைக்கு சொல்யூஷன் ரூம் என்று பெயர். தோலை ஒட்டுகிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். ஒட்டுவது, பட்டி வைப்பது, வண்ணம் அடிப்பது எல்லாம் அங்கேதான். அங்கேயும் ஜன்னல்கள் இருந்தன, ஆனால் திறந்ததில்லை. ஓசூர் ரோடு தூசி ஈர வண்ணத்தில் உட்கார்ந்தால், உப்புத்தாளால் தேய்த்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். ஃபேனும் போடக்கூடாது. காற்றுப் பட்டால் சொல்யூஷன் மேலே ஆடை கட்டிவிடும், ஒட்டாது.

முதலாளி மூர்த்தி சார். அவரைப் போல மெதுவாகப் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. தமிழையும் கன்னடத்தையும் கலந்து, யாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். முடித்த வேலையைத் தொடுமுன் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வார். வண்ணத்தில் தூசி உட்கார்ந்திருந்தால் திட்ட மாட்டார். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலருகே போய், தாழ்ப்பாளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்கு நாங்கள் நடுங்கினோம். வேறு பட்டறைகளில் கெட்ட வார்த்தை கேட்டு வந்தவர்கள், "சார் மனசு தங்கம்" என்பார்கள். தங்கத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

தேவராஜ் ஈஜிபுராவிலிருந்து நடந்தே வருவான். என்னைவிட இளையவன், என்னை அக்கா என்பான். அவன் கிழிசல் ஒட்டுவதைப் பார்க்க நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் நின்றதுண்டு. கிழிசலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தோல் துண்டு வெட்டுவான். மூலைகளை வட்டமாக்குவான், இல்லாவிட்டால் மேலே முட்டிக்கொண்டு தெரியும். ஓரத்தைச் சுற்றிலும் கத்தியால் காகிதம் போலச் சீவுவான். அதை இடுக்கியால் கிழிசலுக்குள் நுழைத்து, உள்ளேயே விரித்துவிடுவான். பிறகு துண்டிலும் தோலின் அடியிலும் சொல்யூஷன் தடவிக் காத்திருப்பான். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதத்தில் அழுத்துவான். மேலே பட்டியை மெல்லிசாக வைத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி வைப்பான். கடைசியில் வண்ணத்தை ஸ்பாஞ்சால் ஒற்றுவான். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேலே தடவிப் பார்ப்பான். விரல் எங்கேயாவது தடுக்கினால் திரும்பவும் ஆரம்பிப்பான்.

தொண்ணூறுகளின் பாதிக்கு மேல் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. அவர்களுக்கு வரவேற்பறை சோபா, மீட்டிங் நாற்காலி என்று ஆர்டர் குவிந்தது. பழைய சொல்யூஷன் காய நேரமாகிறதென்று சார் புதிதாக ஒன்று வரவழைத்தார். டிரம்மில் வரும், டிரம்மில் பெயர் எதுவும் இருக்காது. சீக்கிரம் பதத்துக்கு வந்தது. வாடை பெட்ரோல் போல, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. முதல் நாள் தலை சுற்றியது, பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் டீ குடிக்கப் போன தேவராஜ் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தான். மற்றது வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவனும் சிரித்தான். அடுத்த வாரம் மறுபடி கழன்றது. சட்டைப் பொத்தான் போட நேரமாயிற்று. கொதிக்கிற டீ கிளாஸைச் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே நிற்பான். நடை மாறியது. காலைக் கொஞ்சம் உயரத் தூக்கி, தொப்பென்று வைப்பான். 'தேவா ஆரம்பிச்சுட்டான்' என்று பேச்சுக் கிளம்பியது. குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அவன் மகள் பிறந்ததிலிருந்து அதைத் தொடாதவன். அவன் மனைவி ஸ்டெல்லாவே ஒருநாள் அவன் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறாள். வாயில் சொல்யூஷன் வாடைதான் வந்தது.

பிறகு சுகர் என்றார்கள். ரத்தம் குடுத்துப் பார்த்தான், இல்லை. இல்லையென்று வந்த பிறகும் பயத்தில் சோற்றைக் குறைத்தான்.

ஒரு மத்தியானம் சொல்யூஷன் ரூமுக்குள் போனேன். தேவராஜ் ஒரு தோல் துண்டை உதட்டில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கீழே வைத்தான்.

"இன்னாடா பண்ற?"

"ஒண்ணியும் இல்லக்கா."

"விரலைக் காட்டு."

காட்டவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "மரத்துப் போச்சுக்கா. கையில கிளவுஸ் போட்டாப்பல கீது. உதட்டுல மட்டும் தெரியுது" என்றான். "சார்கிட்ட சொல்லிடாத. இந்த விரலுக்குத்தான் என்னை வச்சிருக்காரு."

எங்கள் அப்பா இருமி இருமிச் செத்தார். பீடிதான் காரணம் என்று ஊரே சொன்னது. அப்பா பீடியைத் தொட்டதில்லை. அவர் நெஞ்சில் இருந்தது பாறைத்தூள். வேலை செய்கிறவனுக்கு நோய் வந்தால் முதலில் அவன் பழக்கத்தைத்தான் பார்ப்பார்கள், வேலையைப் பார்க்க மாட்டார்கள். தங்கவயலில் பிறந்தவளுக்கு இது எழுத்துக் கூட்டாமலே தெரியும்.

அந்தச் சமயத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. பெரிய வீட்டு அம்மா ஒருவர் கூடவே வந்தார். இறந்துபோன கணவர் உட்கார்ந்து படிக்கிற நாற்காலி. தேன் நிறத் தோல், தலை வைக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. "அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணுங்க, வேற எதுவும் வேண்டாம்" என்றார். சார் தேவராஜைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், உதட்டில் எப்படி வைப்பான்? விரலால் தடவினான். ஒன்றும் தெரிந்திருக்காது. கறுத்த இடத்திலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். சொட்டு நின்றது.

"பூச்சு இருக்குது சார்" என்றான்.

சார் தலையாட்டினார். நான் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது பிறகுதான் தெரியும். அந்த அம்மா போனதும், தின்னரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. கறுப்பு போயிற்று, தேன் நிறமும் கூடவே போயிற்று. தலை வைக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம், அதைச் சுற்றி அழுக்கு வளையம். தேவராஜ் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நின்றபடியே இருந்தான். எண்ணெயூறிய வெறும் தோல் அது. சாக்பீஸ் பொடியைத் தூவித் தூவி நாள் கணக்கில் எண்ணெயை இழுத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் முன்னால் அவன் விரலுக்கு இதைக் கண்டுபிடிப்பது ஒரு நொடி வேலை.

அந்த அம்மா திரும்ப வந்தபோது, புடவைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தார். துடைத்தால் பழைய கறுப்பு திரும்பி வந்துவிடும் என்பது போல. பிறகு நாற்காலியை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

சார் தேவராஜை அனுப்பிவிடுவார் என்று நினைத்தோம். அனுப்பவில்லை. தோளில் கை வைத்து, "பரவாயில்ல தேவராஜ். உங்களுக்குக் கால் நோவு இருக்கு. நின்னு செய்யற வேலை வேண்டாம். உட்கார்ந்துக்கிட்டு சொல்யூஷன் மட்டும் தடவுங்க, அதுக்கு விரல் எதுக்கு?" என்றார். சம்பளமும் குறைக்கவில்லை. தேவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறையே சாரைக் கும்பிட்டது. அன்றிலிருந்து அவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை, சாத்திய ஜன்னலுக்கடியில், திறந்த டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தடவினான். நின்றுகொண்டிருந்தவனை நோயின் மடியிலேயே உட்காரவைத்தது போலாயிற்று.

மழைக்காலம் முடிவதற்குள் படியேற முடியாமல் போனான். லீவு போட்டுவிட்டு நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். முழங்காலில் ரப்பர் சுத்தியால் தட்டினார், கால் எகிறவில்லை. ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டுக் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?" என்றார். தேவராஜ் அவர் முகத்தைப் பார்த்து, எந்தப் பதில் சரியாக இருக்கும் என்று யோசித்து, "அதிருது" என்றான். அவர் கவையைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு மறுபடி வைத்தார். "இப்ப?" "அதிருது" என்றான். ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள்.

"என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜன்னல் இருக்கிறதா, ஃபேன் இருக்கிறதா, பசை என்ன வாடை என்றெல்லாம் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பசையில கலக்கற மருந்து நரம்பை அரிக்குது. இதுக்கு மாத்திரை கிடையாது. அந்த ரூமுக்குப் போகாம இருக்கறதுதான் வைத்தியம். இன்னொண்ணு, நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. வேலைய விட்ட பிறகும் சில மாசம் இது மோசமாத்தான் ஆகும். அதுக்கப்புறம்தான் திரும்பும். நடுவுல பயந்துடாதீங்க."

மறுநாள் சாரிடம் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கைக்குட்டையை மடித்தபடி முழுவதும் கேட்டார்.

"ஜன்னலை மட்டும் திறந்து விடுங்க சார். உள்ளே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தனுக்குப் பாதம் குறுகுறுங்குதாம்."

"திறக்கலாம் சரோஜம்மா. தூசி வந்தா யார் பதில் சொல்றது? கம்பெனிக்காரங்க சாமானை திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் எல்லாருக்கும்தானே கஷ்டம்? ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க" என்றார். குரல் ஏறவில்லை. எனக்கு அந்தக் குரலைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கத்துகிற முதலாளியிடம் திருப்பிக் கத்தலாம். பஞ்சுப் பொதியை எத்தனை குத்துக் குத்தினாலும் நம் கைதான் ஓய்ந்துபோகும்.

தேவராஜ் வீட்டிலிருந்தான். டாக்டர் சொன்னபடியே மோசமானான். கிளாஸைத் தூக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் தவழ ஆரம்பித்தான். நான் போகும்போதெல்லாம், "டாக்டர் சொன்னாங்க இல்ல, ஏறித்தான் இறங்கும்" என்பேன். "ரெண்டு மாசமா அந்த ரூம் வாசல மிதிக்கலக்கா. அப்பவும் ஏறிக்கினே போகுது. அப்ப சொல்யூஷன் எப்பிடிக்கா காரணமாவும்?" என்று கேட்பான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அக்கம்பக்கத்தில் யாரோ செய்வினை என்றார்கள். ஸ்டெல்லா கழுத்தில் கிடந்த சிலுவையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி சார் ஈஜிபுராவுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். அந்தச் சந்துக்குள் முதலாளி ஒருவர் நடந்து வந்ததை எல்லா வாசலிலும் நின்று பார்த்திருக்கிறார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்டெல்லா கொடுத்த காபியைக் குடித்தாராம். "வீட்டிலேயே கிடந்தா மனசு விட்டுப் போகும் தேவராஜ். ஆட்டோ அனுப்பறேன். உட்கார்ந்த இடத்தில வேலை" என்று சொல்லியிருக்கிறார். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

திங்கட்கிழமை காலை ஆட்டோவிலிருந்து தேவராஜை இறக்கினார்கள். நான் வாசலை மறித்தேன்.

"போகாத தேவா. இன்னும் கொஞ்ச நாள்தான், திரும்பிடும்னாங்க."

"வீட்ல கீறதுக்கு இது மேல்க்கா. சார் வூட்டுக்கே வந்துட்டாரு. முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

என் தோளைப் பிடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனான். பிடித்த கையில் பலம் இல்லை, அது எனக்குத் தெரிந்தது. பிடித்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது.

குளிர்காலம் தாண்டவில்லை. ஒருநாள் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தான், பிரஷ் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. ஆறு கை சேர்ந்து தூக்கினோம். அதற்குப் பிறகு அவன் பட்டறைக்கு வரவில்லை. வருஷக்கணக்கில் படுத்தும் தவழ்ந்தும், கடைசியில் கோல் ஊன்றி நடக்கிற அளவுக்குக் கால் திரும்பியது. முதலிலேயே விட்டிருந்தால் ஓடியிருப்பான் என்று டாக்டரம்மா சொன்னார். விரல் நுனிகள் திரும்பவே இல்லை. ஸ்டெல்லா கார்மென்ட்ஸுக்குப் போனாள்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இன்றும் தூங்கவிடாதது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, கம்பெனி ஒன்று எங்களிடம் வாங்கிய சோபாக்களை மொத்தமாகத் திருப்பி அனுப்பியது. தூசி இல்லை, தையல் கோணல் இல்லை. பசை வாடை போகவில்லையாம். ஏசி அறையில் அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தலை வலிக்கிறதாம். மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது சொல்யூஷன் ரூம் ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. சார் நின்று தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்தது, ஈரச் சோபாவுக்குத் தூசி படாமல் துணிப் பந்தல் வந்தது. "வாடை வெளியே போகணும் சரோஜம்மா. சோபாவில தங்கக்கூடாது" என்றார். நான் அந்தப் பந்தலை அண்ணாந்து பார்த்தேன். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. பந்தல் போட ஒரு பழைய படுக்கை விரிப்பும் நான்கு கொக்கியும்தான் ஆயின.

அன்று சாயங்காலம் ஈஜிபுராவுக்குப் போய் தேவராஜிடம் சொன்னேன். சொல்லாமலிருந்திருக்கலாம். அவன் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தான்.

"சோபாக்கு வாடை ஏறிச்சுன்னு தொறந்தாரா?"

"ஆமா."

"நல்லதுதான்க்கா. உள்ள ரெண்டு பேர் கீறாங்களே" என்றான்.

இம்ரான் கேட்டது இதையல்ல. எழுதியதை நேற்று அவனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "சரிக்கா, முதல் பக்கத்தை மட்டும் ஒட்டிடறேன்" என்றான்.

"அதை ஒட்டு. இனிமே தோலைப் படம் எடுத்து அனுப்பாத. நீங்க ஒட்டற ரூமைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

சாயங்காலம் அனுப்பினான். சுத்தமான அறை. வெள்ளை விளக்கு, ஏசி, முன்னால் மூடிய கண்ணாடிக் கதவு. நடுவில் ஒரு கார் சீட். அதற்கு இரண்டு பக்கமும் கையில் பிரஷ்ஷோடு அவனுடைய புது ஆட்கள், படத்துக்காகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுவரில் ஜன்னல் இருக்கிறதா என்று தேடினேன், தெரியவில்லை. பிறகு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அவர்களுடைய கால்களில் செருப்பு இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.